புகைமூட்டக் காலத்தில் கூடாரத்தில் தூங்கலாமா? எந்த எண்ணைப் பார்க்கணும்?

சனிக்கிழமை இரவு 8 மணி. பாசிர் ரிஸ் பூங்காவில் கூடாரம் போட்டாச்சு. காலையில் தேக்கா சந்தையில் வாங்கி மசாலா தடவி வைத்த கோழி பார்பிகியூ குழியில் வெந்துகொண்டிருக்கிறது. அக்கா பிள்ளைகள் இருவரும் டார்ச் விளக்கோடு ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள்.

கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது நாம் எல்லாரும் சொல்லும் பிஎஸ்ஐ, 59. "மிதமான நிலை". சரி, பிரச்சினை இல்லை.

இரவு 11 மணி. ஏதோ கருகிய வாடை. நம்ம அடுப்பா? அது அணைந்து ரொம்ப நேரம் ஆச்சே. சின்னவன் இருமுகிறான். அவனுக்கு ஆஸ்துமா உண்டு.

மறுபடியும் கைப்பேசி. பிஎஸ்ஐ 77. இன்னமும் "மிதமான நிலை"தான்.

இப்போது எதை நம்புவது? எண்ணையா, மூக்கையா?

இரண்டுமே பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த எண், நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை. அவ்வளவுதான். வெட்டவெளியில் இரவு தூங்கப் போகிறவருக்கு வேறோர் எண் தேவை. அது எது, அதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று பார்க்கலாம்.

முதலில், இந்தப் புகை எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரில் காட்டுத்தீப் பருவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வறண்ட நாள்களில் ஆங்காங்கே புல்வெளி தீப்பிடிக்கும். குடிமைத் தற்காப்புப் படை வந்து அணைத்துவிடும். நமக்கு வருவது அண்டை நாட்டு நெருப்பின் புகை.

ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். வட்டாரத்தில் மழை குறைவு. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் நிலத்தைச் சுத்தம் செய்யத் தீ வைப்பார்கள். செம்பனைத் தோட்டம் போடவும், காகிதக் கூழுக்கான மரம் வளர்க்கவும் நிலம் தேவைப்படுகிறது. வெட்டி அகற்றுவதைவிட எரிப்பது மலிவு.

அங்கே பல இடங்களில் இருப்பது சாதாரண மண் இல்லை. பீட் எனப்படும் கரிமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய செடிகொடிகள் தண்ணீருக்கடியில் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கும். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே எரிபொருள். மேலே தீ அணைந்தாலும் உள்ளுக்குள் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கொழுந்துவிட்டு எரிவதில்லை, அதனால்தான் இவ்வளவு புகை.

காற்று தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசினால் அந்தப் புகை நம் பக்கம் திரும்பும். எல் நினோ ஆண்டுகளில் வறட்சி கூடும், நெருப்பும் கூடும். 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டர் நிலம் எரிந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. சிங்கப்பூரில் செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "ஸ்கூல் லீவு!" என்று குதித்துவிட்டு, பிறகு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த நாள்.

இதைத் தடுக்க முயற்சிகள் உண்டு. புகைமூட்டத்துக்கு எதிரான ஆசியான் உடன்பாடு 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை 2014இல்தான் உறுதிசெய்தது. அதே ஆண்டு சிங்கப்பூர் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரைப் பாதிக்கும் புகைக்குக் காரணமான நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆனாலும் 2019 செப்டம்பரிலும் 2023 அக்டோபரிலும் பிஎஸ்ஐ மறுபடி 100ஐத் தாண்டியது. ஆகவே இது பழைய கதை இல்லை. ஜூன் பள்ளி விடுமுறைக்கும் செப்டம்பர் விடுமுறைக்கும் கூடாரம் போடத் திட்டமிடுகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

ஒரே செயலி, இரண்டு எண்கள்

தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையத்தளத்திலும் 'மைஇஎன்வி' செயலியிலும் இரண்டு அளவுகள் இருக்கும்.

முதலாவது, 24 மணிநேர பிஎஸ்ஐ. இதில் ஆறு மாசுப் பொருள்கள் சேரும். பிஎம்2.5, பிஎம்10, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு. இவற்றில் எது மோசமாக இருக்கிறதோ அதன் அளவே அந்த நேரத்துக்கான பிஎஸ்ஐ. புகைமூட்ட நாள்களில் அது பெரும்பாலும் பிஎம்2.5.

பிஎஸ்ஐ 50 வரை நல்ல நிலை. 51 முதல் 100 வரை மிதமான நிலை. 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்ற நிலை. 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. அதற்கு மேல் அபாயகரமான நிலை.

இரண்டாவது, ஒரு மணிநேர பிஎம்2.5. அதாவது 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதைவிடச் சிறிய துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கின்றன என்ற அளவு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் அந்தத் துகள். மூக்கு ரோமம் இதைப் பிடித்து நிறுத்தாது. நேராக நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும்.

பிஎம்2.5 அளவு 55 வரை வழக்கமான நிலை. 56 முதல் 150 வரை சற்று உயர்ந்த நிலை. 151 முதல் 250 வரை உயர்ந்த நிலை. அதற்கு மேல் மிக உயர்ந்த நிலை.

எதை எப்போது பார்ப்பது? அமைப்பே சொல்லும் பதில் எளிமையானது. நாளைக்கு என்ன செய்யலாம் என்று திட்டமிட பிஎஸ்ஐ முன்னுரைப்பு. இப்போதே வெளியே போகலாமா என்று முடிவெடுக்க ஒரு மணிநேர பிஎம்2.5.

கூடாரத்தில் படுத்திருப்பவருக்கு எந்தக் கேள்வி? "இப்போது" என்ற கேள்விதான். ஒவ்வொரு மணி நேரமும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

24 மணிநேர பிஎஸ்ஐ என்பது சராசரி. சராசரிக்கு ஒரு குணம் உண்டு. அது பழசை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அதே இரவை எடுத்துக்கொள்ளுங்கள். இது புரிந்துகொள்வதற்காக நான் போட்ட கணக்கு. நிஜ நாளின் பதிவு அல்ல.

இரவு 8 மணி வரை நாள் முழுக்க பிஎம்2.5 அளவு 20. நல்ல காற்று. 24 மணிநேர சராசரியும் 20. அதற்கான பிஎஸ்ஐ 59.

8 மணிக்கு மேல் காற்றின் திசை மாறுகிறது. பிஎம்2.5 திடீரென்று 140க்கு ஏறி அங்கேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரவு 11 மணி: 21 மணி நேரம் 20, மூன்று மணி நேரம் 140. சராசரி 35. பிஎஸ்ஐ 77.

அதிகாலை 2 மணி: 18 மணி நேரம் 20, ஆறு மணி நேரம் 140. சராசரி 50. பிஎஸ்ஐ 94. இன்னும் மிதமான நிலை.

அதிகாலை 4 மணி: 16 மணி நேரம் 20, எட்டு மணி நேரம் 140. சராசரி 60. இப்போதுதான் பிஎஸ்ஐ 100ஐத் தாண்டி "ஆரோக்கியமற்ற நிலை" என்கிறது.

பார்த்தீங்களா? 8 மணிக்கு வந்த புகையை பிஎஸ்ஐ ஒப்புக்கொள்ள விடிகாலை 4 மணி ஆகிறது. அதற்குள் எட்டு மணி நேரம் அந்தக் காற்றைச் சுவாசித்தபடி எல்லாரும் தூங்கி முடித்திருப்பார்கள். அதே 8 மணிக்குப் பிறகு ஒரு மணிநேர பிஎம்2.5 பக்கத்தைத் திறந்திருந்தால், 9 மணிக்கே 140 என்று காட்டியிருக்கும்.

இதனால் பிஎஸ்ஐ உதவாது என்று அர்த்தமில்லை. நீண்ட நேரம் சுவாசித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்ற ஆய்வுகளை ஒட்டி அமைந்த அளவு அது. பள்ளி, வேலை, விளையாட்டு நிகழ்ச்சி ஆகியவற்றைத் திட்டமிட அதுதான் சரி. கூடாரத்திலிருந்து கிளம்பலாமா என்று முடிவெடுக்க மட்டும் அது மெதுவானது.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். மழை பெய்து காற்று சுத்தமான பிறகும் பிஎஸ்ஐ பல மணி நேரம் உயர்ந்தே இருக்கும். காலையில் 105 என்று பார்த்ததும் மாலைத் திட்டத்தை ரத்து செய்யத் தேவையில்லாமல் போகலாம்.

இரவில் புகை வந்த வேகம்: ஒரு நிஜ உதாரணம்

"அவ்வளவு சீக்கிரமா மாறும்?" என்று கேட்கிறீர்களா?

2013 ஜூன் 19, புதன்கிழமை. அந்தக் காலத்தில் மூன்று மணிநேர பிஎஸ்ஐ-தான் எல்லாரும் பார்த்த எண். இரவு 9 மணிக்கு அது 290. பத்து மணிக்கு 321. அதற்கு முன் சிங்கப்பூரின் உச்சம் 1997 செப்டம்பரில் பதிவான 226. பதினாறு ஆண்டுச் சாதனை ஒரே இரவில் உடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 21 நண்பகலில், 401.

அதன் பிறகுதான், 2014 ஏப்ரல் முதல், பிஎம்2.5 பிஎஸ்ஐ கணக்குக்குள் சேர்க்கப்பட்டது.

இரவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் வெயில் தரையைச் சூடாக்கும்; காற்று மேலெழும்பும்; புகையும் மேலே கலந்து பரவும். இரவில் தரை குளிர்கிறது. காற்றும் ஓய்கிறது. தரையை ஒட்டிய காற்று ஒரு மூடிக்குள் அடைபட்ட மாதிரி நின்றுவிடும். அதே அளவு புகை வந்தாலும் தரைமட்டத்தில் அது அடர்த்தியாக இருக்கும். நாம் பாய் விரித்துப் படுத்திருப்பது அந்தத் தரைமட்டத்தில்தான்.

கூடாரம் புகையைத் தடுக்காதா?

தடுக்காது. கூடாரத் துணி மழையைத் தடுக்கும். வலை கொசுவைத் தடுக்கும். ஆனால் பிஎம்2.5 துகளுக்கு அந்த வலை திறந்த கதவு மாதிரி. வீட்டில் என்றால் ஜன்னலைச் சாத்தி, காற்றுச் சுத்திகரிப்பானைப் போடலாம். கூடாரத்தில் சாத்துவதற்குச் சுவரே இல்லை.

சரி, ஜிப்பை முழுக்க மூடிவிட்டால்? உள்ளே வேர்த்துக் கொட்டும். துகள்கள் எப்படியும் உள்ளே வரும். இன்னொன்று: மூடிய கூடாரத்துக்குள் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தினால் நீங்களே சொந்தமாக ஒரு புகைமூட்டம் தயாரிக்கிறீர்கள். கனன்றுகொண்டிருக்கும் கரியைக் கூடாரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

என்95 முகக்கவசம்? முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால் வேலை செய்யும். வெளியே நடந்துபோக, கூடாரத்தைக் கழற்றி மூட்டை கட்ட, அது நல்லது. ஆனால் படுத்துப் புரளும்போது நழுவிவிடும். பெரியவர்களுக்கான அளவு சிறுவர் முகத்தில் சரியாக உட்காராது. இடைவெளி வழியே காற்று உள்ளே போய்விடும். "மாஸ்க் போட்டுத் தூங்கிக்கலாம்" என்பது திட்டமே இல்லை.

கூட யார் வருகிறார்கள்?

அளவு ஒன்றாக இருந்தாலும் எல்லா உடம்பும் ஒன்றில்லை.

24 மணிநேர பிஎஸ்ஐ 101 முதல் 200 வரை இருந்தால் அதிகாரத்துவ ஆலோசனை இது: உடல்நலத்தோடு இருப்பவர்கள் நீண்ட நேரமோ கடுமையாகவோ வெளியில் உடலை வருத்துவதைக் குறைக்க வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், சிறுவர்கள் இயன்றவரை மிகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நீண்டகால இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

நம்ம வீட்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கூடாரம் போடப் போனால் யார் யார் வருவார்கள்? தாத்தா, பாட்டி, வயிற்றில் பிள்ளையோடு அண்ணி, ஆஸ்துமா உள்ள அக்கா மகன். இளவட்டங்களான நாம் ஓரிரவு இருமிவிட்டுச் சமாளித்துக்கொள்வோம். அவர்களால் முடியாமல் போகலாம். அவர்களில் பலர் வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். "பிள்ளைங்க ஆசையா வந்திருக்கு, எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்பார் தாத்தா.

ஆகவே முடிவை அவர்களிடம் விடாதீர்கள். கூட்டத்தில் யாருக்கு உடம்பு முடியாதோ, அவரை வைத்தே எண்ணை முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் எண்ணை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள். போகலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். எந்த எண் வந்தால் திரும்புவோம் என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஏன்? நள்ளிரவில் யாருக்கும் கூடாரத்தைக் கழற்ற மனசு வராது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், சாமான் நிறைய, ரயில் நின்றுவிட்டது, "விடிஞ்சதும் போயிடலாம்" என்றுதான் தோன்றும். முன்பே எண் முடிவாகியிருந்தால் அங்கே விவாதமே தேவையில்லை.

என்ன எண் வைப்பது? இது அதிகாரத்துவ விதி அல்ல. மேலே சொன்ன நிலைகளை ஒட்டி நான் பின்பற்றும் வழி.

குழுவில் சிறுவர், முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால்: ஒரு மணிநேர பிஎம்2.5 அளவு 55ஐத் தாண்டி, அடுத்த மணியிலும் இறங்காவிட்டால் வீட்டுக்கு.

எல்லாரும் ஆரோக்கியமான பெரியவர்கள் என்றால்: 150ஐத் தாண்டினால் பேச்சே இல்லை, மூட்டை கட்டு.

யாருக்காவது மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம், நிற்காத இருமல் என்றால்: எண் எதுவாக இருந்தாலும் கிளம்புங்கள். நிவாரண இன்ஹேலர் போட்டும் மூச்சு சீராகாவிட்டால் 995ஐ அழையுங்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, முன்னுரைப்பு. ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு நிலையம் சிங்கப்பூரில்தான் இயங்குகிறது. வட்டாரத்தில் எங்கெல்லாம் தீப்புள்ளிகள், காற்று எந்தப் பக்கம் என்று அதன் வரைபடத்தில் பார்க்கலாம். சுமத்ராவில் புள்ளிகள் நிறைய, காற்றும் நம் பக்கம் என்றால் வேறு வாரம் பாருங்கள்.

இரண்டாவது, வட்டாரம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்குத் தனித்தனி அளவு வரும். பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் என்றால் கிழக்கு. வீடு ஜூரோங்கில் இருக்கிறது என்று மேற்கு எண்ணைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது, அனுமதி. பூங்காக்களில் கூடாரம் போட அதற்கென ஒதுக்கிய பகுதிகள் உண்டு. அனுமதி விதிமுறைகளை தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். நெருப்பு மூட்டுவது பார்பிகியூ குழியில் மட்டும்தான், புல்தரையில் கூடாது.

நான்காவது, திரும்பும் வழி. இரவு ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டி வந்தால் எப்படிப் போவீர்கள்? காரா, வாடகை வண்டியா? எத்தனை பேர்? குழந்தை இருக்கை?

புலாவ் ஊபின் என்றால் கணக்கே வேறு

ஊபினில் ஜெலுத்தோங், மாமாம் போன்ற கூடார இடங்கள் எளிமையானவை. அழகும் அதுதான். குடிதண்ணீரை நாமே கொண்டுபோக வேண்டும்.

சாங்கி படகுத்துறையிலிருந்து 12 பேர் ஏறும் சிறு படகில் போகிறோம். ஆள் சேர்ந்தால் படகு கிளம்பும். பகலில் சுலபம். இரவில் நினைத்த நேரத்துக்குப் படகு கிடைக்காது.

ஆகவே ஊபினில் உங்கள் முடிவு நேரம் நள்ளிரவு அல்ல, மாலை. படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணைப் பாருங்கள். மாலையிலேயே பிஎம்2.5 ஏறிக்கொண்டிருந்தால், "இரவில் பார்த்துக்கலாம்" என்பது அங்கே செல்லாது. ஆஸ்துமா உள்ளவரோடு போகிறீர்கள் என்றால், புகைமூட்டம் முன்னுரைக்கப்பட்ட வாரத்தில் ஊபினைத் தள்ளிப்போடுவதே நல்லது.

புகை மட்டுமல்ல, நெருப்பே பக்கத்தில் என்றால்?

சிங்கப்பூரில் இது நேராது. ஆனால் நாம் விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறோம். ஊருக்குப் போனால் மலையேறுகிறோம். அங்கேயும் இதே பாடம்தான், விலை மட்டும் அதிகம்.

2020 செப்டம்பர் 5, கலிஃபோர்னியா. தொழிலாளர் தின நீண்ட வாரயிறுதி. சான் வாக்கீன் ஆற்றை மறித்துக் கட்டிய மாமத் பூல் நீர்த்தேக்கக் கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். முந்திய நாள் மாலை தொடங்கிய 'கிரீக்' தீ மளமளவென்று பரவி, வெளியேறும் ஒரே சாலையை அடைத்துவிட்டது. மக்கள் தண்ணீர்க் கரையில் ஒதுங்கி நின்றார்கள். அன்றிரவு தேசியக் காவற்படை ஹெலிகாப்டர்கள் அடர்ந்த புகைக்குள் இறங்கி 200க்கும் மேற்பட்டோரை மீட்டன.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். பெரும்பாலும் இளையர்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவு; அதில் நெருப்பு மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர்களால் ஈடுகொடுக்க முடியாது. அந்த ஆண்டே தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது.

வெளிநாட்டில் கூடாரம் போடும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பகுதியில் இது தீப்பருவமா? உள்ளே வர எத்தனை சாலை? கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்குமா?

ஒரே சாலை, அலைவரிசையும் இல்லை என்றால் தொலைவில் புகை தெரிந்தவுடனேயே கிளம்பிவிடுங்கள். காரை வெளியே போகும் திசையில் நிறுத்துங்கள். "பக்கத்தில்தான் ஆறு இருக்கே" என்ற தைரியம் வேண்டாம். ஆறு நெருப்பைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தீப்பொறி காற்றில் பறந்து ஆற்றைத் தாண்டும். வனத்துறை பாதையை மூடினால் அது மூடியதாகவே இருக்கட்டும்.

நமக்கு விருப்பம், சிலருக்கு வேலை

கூடாரத்தில் படுப்பது நம் விருப்பம். பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம். நாள் முழுக்க வெளியே நின்று வேலை செய்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டுத் திடல்களில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களில் பலர் கட்டுமானத் தளங்களில் வேலை செய்கிறவர்கள். புகைமூட்டத்தின்போது வெளிப்புறப் பணியாளர்களைப் பாதுகாக்க முதலாளிகள் என்ன செய்ய வேண்டும் என்று மனிதவள அமைச்சு வழிகாட்டி வைத்திருக்கிறது. கடுமையான வேலையைக் குறைப்பது, ஓய்வு கொடுப்பது, தேவைப்படும்போது முகக்கவசம் தருவது எல்லாம் அதில் சேரும்.

சாப்பாட்டுக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பேச நேர்ந்தால், அந்த இரண்டு எண்களையும் காட்டிக்கொடுங்கள். "அண்ணே, வேலைக்கு இறங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க." ஆங்கிலச் செயலியில் இருக்கும் எண்ணைத் தமிழில் விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாம்தானே.

மறுபடியும் பாசிர் ரிஸ், இரவு 11 மணி

பாசிர் ரிஸ் பூங்காவுக்குள் இரண்டு ஆறுகள் ஓடிக் கடலில் சேர்கின்றன. ஒன்று சுங்கை தெம்பனிஸ். மற்றொன்று சுங்கை ஆப்பி-ஆப்பி. மலாயில் 'ஆப்பி' என்றால் நெருப்பு. ஆனால் அந்த ஆற்றின் பெயர் கரையோரச் சதுப்புநிலத்தில் வளரும் ஆப்பி-ஆப்பி மரத்தைக் குறிக்கிறது. அங்கே நெருப்பு இல்லை. இன்றிரவு வந்திருப்பது வேறெங்கோ எரியும் நெருப்பின் புகை.

கருகிய வாடை. சின்னவனுக்கு இருமல். பிஎஸ்ஐ 77.

இப்போது உங்களுக்குத் தெரியும். பிஎஸ்ஐ பக்கத்தை மூடிவிட்டு, ஒரு மணிநேர பிஎம்2.5 பக்கத்தைத் திறக்கிறீர்கள். கிழக்கு வட்டாரம். 140. முந்திய மணியிலும் 140.

வீட்டில் பேசி வைத்த எண் 55.

அக்காவை எழுப்புங்கள். பிள்ளையின் இன்ஹேலர் கையில் இருக்கட்டும். கூடாரத்தை அழகாக மடிக்க வேண்டாம். சுருட்டிப் போட்டுக்கொண்டு வண்டியைக் கூப்பிடுங்கள். மிச்சக் கோழியை வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம்.

மழை வந்து புகை விலகும். பூங்கா அங்கேயேதான் இருக்கும். இன்னொரு சனிக்கிழமை வரும்.